ஈடு என்னும் சொல்லும் இளம் ஆட்டக்காரரும்

ஒரு சொல் இரு பொருள் தருமாயின் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் மொழி பயில்வார்க்கு முதற் பாடம். ‘ஈடு’ என்னும் சொல்லை நோக்குக. இழந்ததற்கு நிகராகக் கொடுப்பது ஈடு; இழப்பும் ஈடும் கூடியே இழப்பீடு என்றாயிற்று. கடனுக்குப் பொறுப்பாகக் காணியையோ நகையையோ வைப்பதும் ஈடு. ‘காணியை ஈடு வைத்தான்’ என்பது நம் ஊரார் வழக்கு. முன்னையது கணக்கைத் தீர்ப்பது. பின்னையது கணக்குத் தீருமளவும் பொருளைப் பிடித்து வைப்பது. இவ்விரண்டும் தம்முள் மயங்கிய வழக்கொன்றை, உதைபந்தாட்டத்தில் ஊக்கமுள்ள நம் மாணவர்க்கும் அவரை ஊக்கிவரும் பழைய மாணவர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எடுத்துரைப்பாம்.

பிரான்சு தேசத்தில் ஒலிவியே பேர்னார் என்னும் இளைஞர், 1997 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடங்கி மூன்று பருவங்களுக்கு, லியோன் நகரக் கழகத்துடன் பயிலும் ஆட்டக்காரராக ஒப்பந்தஞ் செய்தார். அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. அந்நாட்டில் அன்றிருந்த விதிப்படி, பயிற்சி முடிவில் கழகம் கேட்குமாயின், அவர் தமது முதலாவது தொழில்முறை ஒப்பந்தத்தை அக்கழகத்துடனேயே செய்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் கழகம் ஓராண்டு ஒப்பந்தமொன்றை முன்வைத்தது. அவர் அதனை மறுத்து, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் கழகத்திற் சேர்ந்தார்.

லியோன் கழகம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. கேட்ட தொகை 53,357 யூரோவுக்குச் சற்று மேல். இத்தொகை எவ்வாறு வந்தது? பயிற்சிக்குச் செலவானதைக் கூட்டி வந்ததன்று. மறுத்த ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டிருப்பின் அவ்வோராண்டில் அவர் பெற்றிருக்கக்கூடிய ஊதியமே அது. தொழில் நீதிமன்றம் ஆட்டக்காரரும் புதிய கழகமும் ஒருங்கே 22,867 யூரோ அளவில் கொடுக்க வேண்டுமென விதித்தது. மேன்முறையீட்டு மன்றம் அதனைத் தள்ளியது. பின்னர் பிரான்சின் உயர்ந்த மன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றிடம் விளக்கங் கேட்டது. அம்மன்று 2010 மார்ச் 16 ஆந் திகதி தன் தீர்ப்பை உரைத்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரரை மாற்றுப் பணங் கேட்டுத் தடுத்தல் ஆகாதென்று, பொஸ்மன் என்னும் பெல்சிய நாட்டு ஆட்டக்காரரின் வழக்கில் 1995 ஆம் ஆண்டிலேயே அதே மன்று தீர்த்திருந்தது. எனவே பயிற்றிய கழகத்திற்கு யாதொன்றும் உரியதன்று என்று சிலர் எண்ணினர். மன்று அவ்வாறு கூறவில்லை. இளைஞரைத் தேடிப் பயிற்றுதல் நற்செயல். அதற்கு ஊக்கந் தரும்பொருட்டு இழப்பீடு கேட்கலாம். ஆயின் அத்தொகை பயிற்சியின் உண்மைச் செலவைச் சார்ந்திருத்தல் வேண்டும். செலவோடு தொடர்பற்ற தண்டத்தொகை ஆகாது என்றது.

இத்தீர்ப்பில் ஆசிரியர்கள் உற்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பயில்வோர் பலர், தொழில்முறை ஆட்டக்காரராவோர் சிலர். ஆகவே செலவைக் கணக்கிடுங்கால், தேறியவர்க்கு ஆன செலவோடு தேறாதவர்க்கு ஆனதையும் நோக்க வேண்டும் என மன்று ஏற்றுக்கொண்டது. ஒருவன் ஒளிர்வதற்கு அவனோடு ஓடிய பதின்மரும் காரணர் என்பதை எந்த விளையாட்டாசிரியர் அறியார்?

நிற்க. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமும் இதற்கென விதிகள் வகுத்துள்ளது. நாடு விட்டு நாடு செல்லும் ஆட்டக்காரருக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தொரு வயது வரையிலான பயிற்சி கணக்கிடப்படும். பயிற்சி ஈட்டைக் கொடுக்க வேண்டியவர் புதிய கழகத்தார், ஆட்டக்காரர் அல்லர். பதினெட்டு வயது நிரம்பாதவரோடு செய்யும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மேற்படுதல் ஆகாது.

இவை நமக்கு எதற்கு என்று கேட்பீராயின், விடை அண்மையிலேயே உள்ளது. 2018 இல் வடக்கு கிழக்கு மாவட்டங்களின் பெயர் தாங்கிய அணிகள் பணத்துக்கு ஆட்டக்காரரைத் தெரிந்து ஆடின. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஆடும் சிறுவனிடம் நாளை ஒரு பத்திரம் நீட்டப்படலாம். அப்பொழுது இரு தீங்குகள் நேரக்கூடும். ‘உன்னை ஆளாக்கியவர் நாமல்லவோ’ என்று கூறி, ஊர்க் கழகம் விலகற் கடிதத்தை மறுப்பது ஒன்று. பயிற்றியவரை மறந்து, இளைஞனை அழைத்துச் சென்று, கால் முறிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது மற்றொன்று. முன்னவர் இளைஞனையே ஈடாகப் பிடிக்கின்றனர். பின்னவர் உரிய ஈட்டைக் கொடாது செல்கின்றனர்.

ஆதலின் மாணவர்காள், கையொப்பம் இடுமுன் இவற்றைக் கேளுங்கள்: காலம் எத்துணை? ஊதியம் எவ்வளவு, எந்நாளில்? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? விலக விரும்பின் வழி யாது? விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தை விளங்கச் செய்த பின்னரே தொடுங்கள். நம் நாட்டில் 1989 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதே பராய வயது. அது நிரம்பாதவர் பெற்றோரின்றிக் கைச்சாத்திடுதல் தகாது. பத்திரத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்திருங்கள்.

கழகம் நடத்தும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளை எந்த ஆண்டில் உங்களிடம் பயின்றான், பாதணிக்கும் பயணத்துக்கும் என்ன செலவாயிற்று என்பதைக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். கணக்குள்ளவர் நியாயமான ஈட்டைக் கேட்கலாம். கணக்கில்லாதவரே பிள்ளையைப் பிடித்து வைக்க முயல்வர். பயிற்சிக்குச் செலவு உண்டு. பயின்றவனுக்கு விலை இல்லை.