தூரிகைக்குத் துணை இணையம்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். வேலைக்காகவும் கல்விக்காகவும் வணிகத்துக்காகவும் நாள்தோறும் மக்கள் அதனைக் கடக்கின்றனர். ஜொகூரில் வாழும் ஓவியர்களுக்கும் அப்பாலத்தைக் கடக்க 2015ஆம் ஆண்டில் ஒரு புதிய காரணம் கிடைத்தது. சிங்கப்பூரின் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடமும் நகர மண்டபமும் இணைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. காலையில் புறப்படும் ஓர் ஓவியர் தென்கிழக்காசியக் கலைப்படைப்புகளை ஆற அமரப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அன்றாடப் பயணிகளுக்குப் பாலம் மூடப்பட்டது. கண்காட்சிகள் நின்றன, திருமண மண்டபங்கள் பூட்டப்பட்டன. மணமேடைத் திரைகள், அழைப்பிதழ்கள், விழாக்காலக் கோலங்கள் ஆகியவற்றை நம்பி வாழும் கலைஞர்களுக்கு வருமானம் குறைந்தது. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கிலோமீட்டர்ப் பாலத்துக்கு அப்பால் இருந்த கலைக்கூடம் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டது. ஆயினும், அதே காலத்தில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் நகர அருங்காட்சியகங்களின் கதவுகள் திறந்தே இருந்தன. அவை இணையத்தின் கதவுகள்.

கடல் கடந்து கற்ற காலம்

முற்காலத்தில் ஓவியம் கற்க விரும்பியவர் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. மலேசியாவின் புகழ்பெற்ற ஓவியர் சையது தாஜுடீன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். தமிழ்நாட்டின் அழகன்குளத்தில் 1943ஆம் ஆண்டில் பிறந்த அவர், பினாங்கில் வளர்ந்தார். பின்னர், 1960களின் இறுதியில் சென்னைக்குச் சென்று, 1850ஆம் ஆண்டில் தோன்றிய அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றார். அஜந்தா குகை ஓவியங்களின் தாக்கத்தை அவருடைய படைப்புகளில் இன்றும் காணலாம். சிறந்த படைப்புகளைத் தம் கண்ணால் கண்டு கற்பதற்கு அவர் கடல் கடந்தார். அத்தகைய வாய்ப்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. குளுவாங்கிலோ மூவாரிலோ வாழும் ஓர் இளைஞர், 1958ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட நம் தேசியக் கலைக்கூடத்தைக் காண்பதற்கே கோலாலம்பூர்வரை பயணம் செய்ய வேண்டும். இந்தத் தொலைவைத்தான் இணைய வளங்கள் குறைத்துள்ளன.

கண்ணாடிப் பேழைக்கும் நெருக்கமாக

கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் 17 அருங்காட்சியகங்களுடன் ஒரு கலைத்திட்டத்தைத் தொடங்கியது. இன்று அது கூகுள் கலை பண்பாட்டுத் தளமாக வளர்ந்துள்ளது. அருங்காட்சியகத்தின் கூடங்களுக்குள் நடப்பதுபோல் சுற்றிப் பார்க்கவும், ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவும் அத்தளம் வழிசெய்கிறது.

நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 125,000 படைப்புகளின் படங்களை இணையத்தில் திறந்துவைத்தது. அங்குள்ள ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' என்னும் ஓவியம் 1642இல் வரையப்பட்டதாகும். அதனை 8,439 பகுதிகளாகப் படமெடுத்து, அப்பகுதிகளை ஒன்றிணைத்து, 2022 சனவரியில் அருங்காட்சியகம் வெளியிட்டது. அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓவியத்தில் ஒரு மில்லிமீட்டரின் 200இல் ஒரு பங்கைக் காட்டுகிறது. நேரில் செல்பவர்கூட ஓவியத்துக்கு அவ்வளவு அருகில் நிற்க முடியாது. வண்ணத்தில் விழுந்த வெடிப்பு, தூரிகை இழுத்த தடம், விழியில் வைத்த ஒளிப்புள்ளி ஆகிய அனைத்தும் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் தெளிவாகத் தெரிகின்றன. இருளிலிருந்து ஒரு முகம் எவ்வாறு வெளிப்படுகிறது என்று அறிய விரும்பும் ஓவியருக்கு இது ஓர் ஆசிரியரின் பாடத்துக்கு நிகராகும்.

தமிழர் கலைமரபைத் தேடுபவருக்கும் இவ்வளங்கள் பயன்படும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், 2017 பிப்ரவரியில் 375,000க்கும் மேற்பட்ட படங்களை எவரும் எந்தக் கட்டுப்பாடுமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழர்காலப் பார்வதி செப்புத் திருமேனி அங்கு உள்ளது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகமும் 2019 சனவரியில் ஏறக்குறைய 30,000 படைப்புகளை இவ்வாறே திறந்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர் திருமேனி ஒன்று அதன் சேகரிப்பில் உள்ளது. இடையின் வளைவு, விரல்களின் முத்திரை, அணிகலன்களின் நுணுக்கம் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கித் தாளில் வரைந்து பழகலாம். கோயில் சுவருக்கு வண்ணம் தீட்டுபவருக்கும், பரதநாட்டிய மேடைக்குத் திரை வரைபவருக்கும் இப்பயிற்சி தொழிலிலேயே கைகொடுக்கும்.

விலையில்லாக் கருவிகள்

கண்டு கற்றபின் வரைவதற்குக் கருவி வேண்டும். கணினியில் ஓவியம் வரையும் மென்பொருள்களுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துவது, தொழிலைப் புதிதாகத் தொடங்குபவருக்குச் சுமையாகும். அச்சுமையைக் குறைக்கும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. தூரிகையால் தீட்டுவதுபோல் ஓவியம் வரைய கிரிட்டா உதவுகிறது. நிழற்படங்களைச் சீர்செய்ய கிம்ப் பயன்படுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 1995ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. சின்னங்களையும் பதாகைகளையும் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் மங்காமல் வடிவமைக்க இங்க்ஸ்கேப் துணைபுரிகிறது.

இலவசம் என்பதால் இவற்றின் தரம் தாழ்ந்தது என்று எண்ணுதல் தவறாகும். முப்பரிமாண அசைவூட்டப் படங்களை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 2002ஆம் ஆண்டில் அம்மென்பொருளை அனைவருக்கும் உரிமையாக்க 100,000 யூரோ தேவைப்பட்டது. பயனர்கள் இணையத்தின்வழி ஏழே வாரங்களில் அத்தொகையைத் திரட்டித் தந்தனர். அந்த மென்பொருளைக் கொண்டு லாட்வியா நாட்டு இயக்குநர் ஒருவர் உருவாக்கிய 'ஃபுளோ' என்னும் படம், 2025ஆம் ஆண்டில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது.

விளையாட்டும் பயிற்சியே

ஓவியரின் வேலை பெரும்பாலும் தனிமையில் நடப்பது. வாடிக்கையாளர் கேட்டதையே மீண்டும் மீண்டும் வரையும்போது சலிப்புத் தட்டுவது இயல்பு. அச்சலிப்பைப் போக்கும் பொழுதுபோக்குகளும் இணையத்தில் உள்ளன. 2020ஆம் ஆண்டில் மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, நெதர்லாந்தில் தொடங்கிய ஒரு விளையாட்டை அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் உலகெங்கும் பரப்பியது. புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு நடித்துக் காட்ட வேண்டும் என்பதே அவ்விளையாட்டு. போர்வை அரச உடையானது, பாத்திரம் மணிமுடியானது. சிரித்துக்கொண்டே விளையாடியவர்கள், ஓவியத்தில் ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது, கை எவ்வாறு மடங்கியிருக்கிறது என்பதையும் கண்டுகொண்டனர்.

அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய 'இங்க்டோபர்' மற்றொரு நல்ல பயிற்சியாகும். அக்டோபர் மாதத்தின் 31 நாள்களும் நாளுக்கு ஒரு மையோவியம் வரைய வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல் தரப்படும்; அதனை எவ்வாறு விளக்குவது என்பது ஓவியரின் கற்பனையைப் பொறுத்தது.

'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்னும் நகர ஓவியர் இயக்கம், 2007ஆம் ஆண்டில் கேப்ரியல் கம்பனாரியோ என்னும் பத்திரிகை ஓவியரால் இணையத்தில் தொடங்கப்பட்டது. நேரில் கண்டதை, அந்த இடத்திலேயே இருந்து வரைய வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி. அவ்வியக்கத்தின் அனைத்துலக மாநாடு 2015ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்றது. இவ்விதியைப் பின்பற்றுபவர் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்ட அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் உள்ளது. பழமை மாறாத தான் ஹியோக் நீ சாலையின் கடைவீடுகளும் உள்ளன. இணையம் தரும் பயிற்சி, ஓவியரைத் திரையிலிருந்து எழுப்பி மீண்டும் தெருவுக்கே அனுப்பிவைக்கிறது.

இது யாருடையது?

இத்தனை வளங்கள் இருந்தும், ஒரு கேள்வியை மறப்பவர் சிக்கலுக்கு ஆளாவார். எடுத்துக்காட்டாக, தீபாவளி வாழ்த்து அட்டைக்கு மயில் படம் வேண்டும் என்று ஓர் ஓவியரிடம் வாடிக்கையாளர் கேட்கிறார் என்று கொள்வோம். நாளையே அச்சுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். தேடுபொறியில் அழகிய மயில் படம் ஒன்று கிடைக்கிறது. ஓவியர் அதனைப் பதிவிறக்கி, பின்னணியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். அந்தப் படத்தை எடுப்பதற்காக ஒரு நிழற்படக் கலைஞர் விடியற்காலையிலிருந்து காட்டில் காத்திருந்திருக்கலாம். அவருடைய உழைப்புக்கான கூலி இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது. தேடலில் கிடைப்பது எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

உரிமையை அறிவது கடினமன்று. 2001ஆம் ஆண்டில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு, படைப்பாளர்கள் தங்கள் விருப்பத்தைத் தெளிவாகத் தெரிவிக்கச் சில உரிமக் குறியீடுகளை வகுத்தது. ஒரு குறியீடு, 'படைத்தவரின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துக' என்கிறது. மற்றொன்று, 'வணிகத்துக்குப் பயன்படுத்தற்க' என்கிறது. இன்னொன்று, 'மாற்றம் செய்யற்க' என்கிறது. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பதற்கும் ஒரு குறியீடு உண்டு. மெட்ரோபாலிட்டன், கிளீவ்லாந்து அருங்காட்சியகங்கள் திறந்துவைத்த படங்கள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. குறியீடே இல்லாத படத்தைப் பயன்படுத்த விரும்புபவர், படைத்தவரிடம் அனுமதி கேட்பதே முறை.

தன் படைப்பைக் காத்தல்

பிறர் உரிமையை மதிக்கும் ஓவியர், தம் உரிமையையும் அறிந்திருக்க வேண்டும். 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் ஒரு சுவர் ஓவியம் தோன்றியது. அதனை வரைந்தவர், பினாங்குச் சுவர் ஓவியங்களால் புகழ்பெற்ற லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் ஜகாரெவிச். கைப்பையுடன் வரும் ஒரு பொம்மைப் பெண்ணையும், சுவரின் மறுபக்கத்தில் கத்தியுடன் காத்திருக்கும் ஒரு பொம்மைத் திருடனையும் அவர் வரைந்திருந்தார். அவ்வோவியம் சர்ச்சைக்கு உள்ளானது. சில நாள்களிலேயே அதன்மீது வெள்ளை பூசப்பட்டது. ஆனால், அதன் படங்கள் அதற்குள் இணையத்தில் பரவிவிட்டன. சுவரில் சில நாள்களே வாழ்ந்த ஓவியம் இணையத்தில் இன்றும் வாழ்கிறது.

கோலமும் மணமேடைத் திரையும் அச்சுவர் ஓவியம் போன்றவைதாம். விழா முடிந்ததும் அவை மறைந்துவிடும். ஆகவே, ஒவ்வொரு படைப்பையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பெயரும் ஆண்டும் குறித்து இணையத்தில் சேமித்துவைப்பது நலம். அத்தொகுப்பே அடுத்த வாடிக்கையாளரிடம் ஓவியரை அறிமுகப்படுத்தும் தூதுவனாகும். எளிதில் பரவும் படம் எளிதில் களவாடவும்படும் என்பதால், முழு அளவிலான படத்தை வெளியிடாமல் சிறிய அளவில் வெளியிடுவது பாதுகாப்பு. ஒரு படம் வேறு எங்கெல்லாம் பயன்படுத்தப்படுகிறது என்று தேடிக் காட்டும் டின்ஐ போன்ற தளங்களும் உள்ளன.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஓவியத்தின் உரிமை அதனை வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் மேலும் 50 ஆண்டுகளும் நீடிக்கும். அதற்காகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விரும்புபவர், மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்திடம் தம் படைப்பைப் பற்றி அறிவிக்கும் வாய்ப்பு 2012ஆம் ஆண்டு முதல் உள்ளது. பின்னர் வழக்கு எழுந்தால் அவ்வறிவிப்பு சான்றாக உதவும்.

கையே முதன்மை

இணையம் ஓவியருக்கு அருங்காட்சியகமாகவும் பள்ளியாகவும் விளையாட்டுத் திடலாகவும் கடைவீதியாகவும் விளங்குகிறது. எனினும், திரையில் ஆயிரம் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் ஓவியராகிவிட மாட்டார். ஒன்றைக் கூர்ந்து பார்த்து, அது யாருடையது என்று அறிந்து, அதிலிருந்து கற்றதைத் தம் கையால் தம் தாளில் புதிதாகப் படைப்பவரே அவ்வளத்தின் முழுப்பயனையும் அடைவார். கடற்பாலம் இன்று மீண்டும் திறந்திருக்கிறது. திரையில் கற்ற கண்களோடு அதனைக் கடந்து கலைக்கூடத்துக்குச் செல்லும் ஜொகூர் ஓவியர், அங்குள்ள ஓவியங்களில் முன்பு காணாத பலவற்றைக் காண்பார்.