மௌனம் பேசும் முகம்

கேள்வி: கொச்சி ஜூ டவுன் கடையொன்றில் சிந்தனையில் ஆழ்ந்த முகமொன்றைத் தைலவர்ண ஓவியமாகக் கண்டேன். அங்க லட்சணங்கள் இயற்கைக்கு மாறாக இருந்தும் அது மனத்தை விட்டு அகலவில்லையே, ஏன்?

பதில்: முகச்சாயலைப் பிரதி செய்வது வேறு, உள்ளத்தின் நிலையை வர்ணத்தில் வடிப்பது வேறு. பாரிஸில் பயின்று திரும்பிய அம்ரிதா ஷேர்கில் 1935-இல் தீட்டிய 'மூன்று பெண்கள்' படத்தில், தாழ்ந்த விழிகளும் மூடிய உதடுகளும், நுணுக்க விவரங்களைத் துறந்த விசாலமான வர்ணப் பரப்புகளுமே சோகத்தைச் சொல்லிவிடுகின்றன. அவரே 1937-இல், தாங்கள் நின்ற வீதிக்கு அருகிலுள்ள மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவர்ச் சித்திரங்களைக் கண்டு வியந்து, அவற்றைப் பார்த்து வரைந்து பயின்று, அவ்வாண்டிலேயே 'பிரம்மசாரிகள்' முதலிய தென்னிந்தியப் படங்களைத் தீட்டினார். அடுத்த முறை கடையோடு திரும்பாமல் அரண்மனைக்குள்ளும் சென்று வாருங்கள். தங்கள் வினாவுக்கு அச்சுவர்களே விடை கூறும்.