கடல் தூண்டிலுக்கு ஏற்ற ரீலைத் தேர்ந்தெடுத்தல்

மும்பையின் மாட்டுங்கா கடலை ஒட்டிய பகுதியன்று. ஆயினும் கடலுக்கு மிக அண்மையில் உள்ளது. மேற்கே மாஹிம் விரிகுடாவும், தென்கிழக்கே சிவ்டியின் சேற்றுக்கரையும், செம்பூருக்கு அப்பால் தாணே கடற்கழியும் அமைந்துள்ளன. இப்பகுதியில் வாழும் பலர் விடுமுறை நாட்களில் வர்லி, பாந்திரா ஆகிய இடங்களின் பாறைக்கரைகளுக்குச் சென்று தூண்டிலிடுகின்றனர். வலை வீச இயலாத பாறையிடுக்குகளில் மீன் மாதிரிகளைச் சேகரிக்க வேண்டிய களப்பணியாளருக்கும் தூண்டிலே கைகொடுக்கும் சாதனமாகும்.

இப்பணியில் அடிக்கடி நேரும் இழப்பு ஒன்று உண்டு. ஏரிக்கும் ஆற்றுக்கும் என்று செய்யப்பட்ட ரீல், கடற்கரையில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இறுகிப் பயனற்றுப் போகிறது. ரீல் மலிவான பொருளன்று. ஆதலின் அதை வாங்குமுன் அதன் அமைப்பையும், கடல்நீர் அதன்மீது புரியும் வேலையையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

இரு வகை ரீல்கள்

தூண்டில் ரீல்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகையில், நரம்பு சுற்றிய உருளை அசையாது நிற்க, நரம்பு அதன் விளிம்பின் வழியே வளையம் வளையமாகக் கழன்று செல்லும். இரண்டாவது வகையில், இரை பறந்து செல்லும்போது நரம்பை இழுக்க, உருளையே சுழன்று நரம்பை விடுவிக்கும். இவ்விரண்டாம் வகையே இக்கட்டுரையின் பொருளாகும். எளிமை கருதி இதை உருள்ரீல் எனக் குறிப்பிடலாம்.

உருள்ரீலின் வரலாறு கடிகாரத் தொழிலோடு பிணைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளி, கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலுமாறு பற்சக்கரங்கள் அமைந்த ரீலைச் செய்தார். சுவீடனில் 1921-இல் தொடங்கப்பெற்ற ஆபு நிறுவனம் முதலில் கடிகாரங்கள், டாக்சி மீட்டர்கள் போன்றவற்றைச் செய்து வந்தது. பின்னரே ரீல் தொழிலுக்கு வந்தது. நுண்ணிய பற்சக்கர வேலையே இத்தொழிலின் உயிர் என்பதற்கு இவை சான்றாகும்.

ஏறக்குறைய 10 கிராமுக்குக் குறைந்த இரையை வீச முதல் வகை ரீல் ஏற்றது. ஏனெனில் இலேசான இரைக்கு ஓர் உருளையைச் சுழற்றத் தொடங்கும் ஆற்றல் போதாது. 15 கிராமுக்கு மேற்பட்ட இரைக்கும் ஈயக்குண்டுக்கும், தடித்த நரம்புக்கும், பாறையிடுக்கிலிருந்து மீனை வலிந்து இழுப்பதற்கும் உருள்ரீலே சிறந்தது. மும்பைச் சந்தையில் ஜிதாடா எனப்படும் கொடுவாயும், ராவஸ் எனப்படும் காலாவும் இத்தகைய வலிய இழுப்பை வேண்டுவன.

நரம்புக் குழப்பமும் தடைகளும்

உருள்ரீலைப் புதிதாகக் கையாள்வோர் முதலில் சந்திப்பது நரம்புக் குழப்பம். வீசிய இரை காற்றின் தடையால் வேகம் குறைகிறது. உருளையோ தன் சுழல் நிலைமத்தால் முன்போன்றே சுழல்கிறது. வெளியேறாத நரம்பு உருளையின்மேல் தளர்ந்து எழும்பிச் சிக்கலாகிறது. இதைத் தடுக்க மூன்று அமைப்புகள் உள்ளன.

முதலாவது, உருளையின் அச்சை முனையில் அழுத்தும் திருகு. இரையைத் தொங்கவிட்டு உருளையை விடுவித்தால் அது மெல்ல இறங்கித் தரையைத் தொட்டவுடன் உருளை நிற்குமாறு இத்திருகை அமைத்தல் வேண்டும். இரண்டாவது, மையவிலக்குத் தடை. உருளையோடு சுழலும் சிறு கட்டைகள் வெளிப்புறம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உராய்கின்றன. இத்தடை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆதலால் வீச்சின் தொடக்கத்தில் வலிமையாகவும் முடிவில் மிகக் குறைவாகவும் இருக்கும். மூன்றாவது, காந்தத் தடை. நிலையான காந்தங்களின் அருகே அலுமினிய உருளை சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி இயக்கத்தை எதிர்க்கிறது. இதில் ஒன்றையொன்று தொடும் பாகம் இல்லை, தேய்மானமும் இல்லை. வெளியிலிருந்தே இதைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

கடற்கரையில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து கரைநோக்கி வீசும். எதிர்காற்றில் இரை விரைவில் வேகம் இழப்பதால் தடையை அடிக்கடி மாற்ற நேரிடும். எனவே காந்தத் தடையுள்ள ரீல் புதியவருக்கு வசதியானது. எத்தடை இருப்பினும், இரை நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரலால் உருளையை நிறுத்தும் பழக்கம் இன்றியமையாதது.

நரம்பின் கொள்ளளவு

ரீலின்மேல் நரம்பின் விட்டமும் நீளமும் குறிக்கப்பட்டிருக்கும். வேறு விட்டமுள்ள நரம்பு எவ்வளவு கொள்ளும் என்பதை எளிதில் கணக்கிடலாம். விட்டத்தின் இருமடியை நீளத்தால் பெருக்கிய தொகை மாறாதிருக்கும். 0.30 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டர் கொள்ளும் உருளையில், 0.40 மில்லிமீட்டர் நரம்பு ஏறக்குறைய 112 மீட்டரே கொள்ளும். அதே உருளையில் 0.20 மில்லிமீட்டர் பின்னல் நரம்பு 450 மீட்டர் கொள்ளும். கரையிலிருந்து வீசுவோருக்குத் தாம் வீசும் தொலைவைப்போல் இருமடங்கேனும் நரம்பு இருத்தல் நன்று. எஞ்சியது ஓடும் மீனுக்கு உரியது.

நரம்பின் வலிமையை நனைந்த நிலையிலேயே மதிப்பிட வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. மாட்டுங்காவில் 1924 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் பருத்தி ஆய்வகம், இழைகளின் வலிமை, நீளம், நுண்மை ஆகியவற்றை அளக்கும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டு வந்துள்ளது. இழையியல் காட்டும் உண்மை இது: பருத்தி நூல் நனைந்தால் வலிமை கூடும், நைலான் நனைந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலிமை குறையும். இன்று பெரும்பாலோர் நைலான் நரம்பையே பயன்படுத்துவதால், முடிச்சினால் நேரும் குறைவோடு இக்குறைவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பற்சக்கர விகிதம்

5-க்கு 1 என்னும் விகிதம், கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை ஐந்துமுறை சுழலும் என்பதைக் குறிக்கும். நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 36 மில்லிமீட்டர் எனின், அதன் சுற்றளவு ஏறக்குறைய 113 மில்லிமீட்டர். எனவே ஒரு சுற்றில் 56 சென்டிமீட்டர் நரம்பு திரும்பும். விகிதம் 7-க்கு 1 ஆயின் 79 சென்டிமீட்டர் திரும்பும்.

வேகம் கூடினால் விசை குறையும் என்பது நெம்புகோலின் விதி. கைப்பிடியின் நீளம் 45 மில்லிமீட்டர் எனக் கொண்டால், உராய்வைக் கருதாவிடில், 5-க்கு 1 ரீலில் கை தரும் விசையில் பாதி நரம்பைச் சென்றடையும். 7-க்கு 1 ரீலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே சென்றடையும். விரைந்து ஓடும் செயற்கை இரையை இயக்க உயர்ந்த விகிதமும், கனத்த ஈயக்குண்டையும் பாறையோரத்துப் பெருமீனையும் இழுக்கக் குறைந்த விகிதமும் பொருந்தும். ஒரே ரீல் வாங்க வல்லவருக்கு 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட விகிதம் இரு வேலைக்கும் உதவும்.

இழுவைத் தடை

கைப்பிடியின் அடியிலுள்ள நட்சத்திர வடிவச் சக்கரம் இழுவைத் தடையை அமைப்பதாகும். மீன் குறித்த அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பு அறாமல் உருளை வழுக்கி நரம்பை விடுவிக்கும். நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை தடையை அமைப்பது முறை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தடை உருளைக்கு மாறாத திருப்புத்திறனையே தருகிறது. நரம்பு ஓட ஓட உருளையின் ஆரம் குறைவதால் நரம்பின்மீதுள்ள இழுவிசை உயர்கிறது. 9 கிலோகிராம் தாங்கும் நரம்புக்கு 3 கிலோகிராம் தடை அமைத்ததாகக் கொள்க. ஆரம் 18 மில்லிமீட்டரிலிருந்து 12 மில்லிமீட்டராகக் குறைந்தால் இழுவிசை 4.5 கிலோகிராமாகிவிடும். இது நரம்பின் வலிமையில் பாதி. நீரின் உராய்வும் முடிச்சின் குறைவும் இதனோடு சேரும். மீன் நெடுந்தொலைவு ஓடிய பின்னரே பல நரம்புகள் அறுவதன் காரணம் இதுவே. ஆதலின் நீண்ட ஓட்டத்தின்போது தடையை இறுக்குதல் தவறு. சற்றுத் தளர்த்துதலே முறை.

பெட்டியின்மேல் அச்சிட்ட மிகவுயர்ந்த தடை அளவைக்கொண்டு ரீலை மதிப்பிடலாகாது. தடை சீராக இயங்குகிறதா என்பதே முதன்மையானது. நரம்பின் முனையில் வில்தராசைக் கட்டி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நகரத் தொடங்கும்போது காட்டும் அளவும், நகரும்போது காட்டும் அளவும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் தடை நல்லது. முதல் அளவு மிக உயர்ந்திருந்தால் அந்த ரீலை ஒதுக்குதல் வேண்டும்.

கடல்நீரும் உலோகமும்

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. எனவே கழுவாத ரீல் அலமாரியிலும் ஈரமாகவே இருக்கும். மும்பையின் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைக் கடப்பது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அம்மாதங்களில் ரீலுக்கு உலரும் வாய்ப்பே குறைவு.

இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு மின்கலம் உண்டாகி, அவற்றுள் வினைத்திறன் மிக்கது கரையும். மக்னீசியம், அலுமினியம், எஃகு, பித்தளை, துருவேறா எஃகு என்பது ஏறத்தாழ அவ்வரிசை. துருவேறா எஃகுத் திருகு பொருத்திய அலுமினியச் சட்டத்தில், திருகைச் சுற்றி வெண்பொடி தோன்றுவது இதனாலேயே. அலுமினியத்தின்மேல் மின்முறையால் தடித்த ஆக்சைடு படலம் ஏற்றியிருந்தால் அது காக்கும். கீறல் விழுந்த இடத்தில் காக்காது. மக்னீசியச் சட்டம் எடை குறைந்ததாயினும் கடலுக்கு ஏற்றதன்று. கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது. எனினும் மிகுந்த சுமையில் வளைந்து பற்சக்கரங்களின் பொருத்தத்தைக் குலைக்கக்கூடும். பற்சக்கரத்துக்குப் பித்தளை ஏற்றது.

பேரிங்குகளின் எண்ணிக்கை தரத்தின் அளவுகோலன்று. பத்துச் சாதாரண பேரிங்குகளைவிட, துருவைத் தாங்குமாறு காப்பிட்ட நான்கு பேரிங்குகள் கடலில் நீடித்து உழைக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்வதும் பிழை. பேரிங்குக்குரிய கடின வகைத் துருவேறா எஃகும் காந்தத்தால் ஈர்க்கப்படும்.

பராமரிப்பு

கரையிலிருந்து திரும்பிய அன்றே ரீலைக் கழுவுதல் வேண்டும். முதலில் இழுவைத் தடையை இறுக்கி, நன்னீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே புகும். பின் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தித் தடையை முற்றிலும் தளர்த்தி வைக்க வேண்டும். இன்றேல் தடையின் வட்டுகள் அமுங்கிச் சீர்மை இழக்கும். பேரிங்குக்கு ஒரு துளி எண்ணெய், பற்சக்கரத்துக்குச் சிறிது கிரீஸ் போதும். நரம்பை இடவலமாகச் சீராகச் சுற்றும் இருபுரித் திருகில் மணல் தங்கும். அதை மென்தூரிகையால் நீக்குதல் வேண்டும். மையவிலக்குத் தடையின் கட்டைகளில் எண்ணெய் படலாகாது.

காப்பு

மும்பைக் கரையில் பெருவெள்ள ஓதத்தின்போது நீர்மட்ட வேறுபாடு மூன்றரை மீட்டரையும் கடக்கும். சென்னைக் கரையில் பழகியவர் இதை எதிர்பாரார். ஏற்றம் தொடங்குமுன் திரும்பும் வழியை அறிந்த பின்னரே பாறையில் இறங்க வேண்டும். கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலின்போது அதை உயர்த்திப் பிடித்தல் உயிருக்கு ஆபத்து. மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு ஆகிய நிலையங்களின் இருப்புப்பாதைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பிகள் செல்கின்றன. கோலைக் கழற்றி உறையிலிட்டே நிலையத்துள் கொண்டுசெல்லல் வேண்டும். மித்தி ஆறு கலக்கும் மாஹிம் கழிமுகம் மாசு மிகுந்தது. அங்குப் பிடித்த மீனை உணவாகக் கொள்ளாதிருத்தல் நலம்.

ஆசிரியர்களுக்கு

ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. முதலாவதில் ஓர் இரும்பாணியையும், இரண்டாவதில் செப்புக்கம்பி சுற்றிய ஆணியையும், மூன்றாவதில் துத்தநாகத் தகடு சுற்றிய ஆணியையும் இடுக. சில நாட்களில் செப்புக்கம்பி சுற்றிய ஆணி மிகுதியாகத் துருப்பிடிப்பதையும், துத்தநாகம் சுற்றிய ஆணி காக்கப்படுவதையும் மாணவர் காண்பர். ரீலின் திருகுக்கும் சட்டத்துக்கும் இடையே நிகழ்வதும் இதுவே என்று விளக்கலாம். நரம்புக் கொள்ளளவு, பற்சக்கர விகிதம், இழுவிசை ஆகிய மூன்றையும் மேலே கண்ட எண்களைக் கொண்டே கணக்குகளாகத் தரலாம்.

தேர்வின் வரிசை

வாங்குவோர் முதலில் பிடிக்கக் கருதும் மீனையும், அதற்குரிய நரம்பின் வலிமையையும் முடிவு செய்ய வேண்டும். அடுத்து அந்நரம்பு போதிய நீளம் கொள்ளும் உருளையையும், பின் சீரான இழுவைத் தடையையும், அதன்பின் உப்பைத் தாங்கும் சட்டத்தையும் பேரிங்கையும் நோக்க வேண்டும். பற்சக்கர விகிதமும் எடையும் இவற்றுக்குப் பின்னரே. தோற்றத்தையும் பேரிங்கு எண்ணிக்கையையும் கண்டு இவ்வரிசையை மாற்றுவோர் இருமுறை பணம் செலவிட நேரும்.