லித்தியம் பாட்டரி: பழுது பார்க்கும் திறனும் நாட்டின் செல்வமே

தலைநகர் தில்லியின் மேற்குப் பகுதியில் தில்லி வளர்ச்சி ஆணையம் 1970-களில் உருவாக்கிய பெரிய குடியிருப்புகளுள் ஜனக்புரியும் ஒன்று. இங்குள்ள ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையம் 2018-ஆம் ஆண்டில் இரு பாதைகள் கூடும் சந்திப்பாயிற்று. அங்கு இறங்கும் பயணிகளை உள்தெருக்களுக்கும் அருகிலுள்ள உத்தம் நகருக்கும் கொண்டு சேர்ப்பவை மின் ரிக்‌ஷாக்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வண்டிகளுக்குச் சட்டத் தகுதியை அளித்தது.

ஓட்டுநரின் அன்றாட வருமானம் இருக்கையின் அடியிலுள்ள பாட்டரியைப் பொறுத்தது. 12 வோல்ட் ஈய-அமில பாட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்து ஓட்டுவதே நெடுங்கால வழக்கம். இப்போது அவற்றின் இடத்தில் லித்தியம் பாட்டரி பரவி வருகிறது. சரக்குக் கிடங்குகளில் பளு ஏற்றி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. புதிய பாட்டரி எடை குறைந்தது; விரைவில் மின்னேற்றம் பெறுவது; நெடுநாள் உழைப்பது. ஆனால் விலை மிகுதி. ஆதலின், அது உரிய காலத்திற்கு முன்பே பழுதென ஒதுக்கப்படுமானால் ஓட்டுநரின் கடன் சுமை கூடுகிறது. நாட்டின் அந்நியச் செலாவணியும் வீணாகிறது.

அமைப்பில் உள்ள வேறுபாடு

இத்தகைய வண்டிகளில் பெரிதும் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகையாகும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-இல் இதனை வெளியிட்டனர். அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் ஏ.கே. பாதி ஓர் இந்தியர் என்பது குறிப்பிடத்தக்கது. குட்இனஃப் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

இவ்வகை மின்கலம் ஒன்றின் இயல்பு அழுத்தம் 3.2 வோல்ட். 16 மின்கலங்கள் தொடராக இணையும்போது 51.2 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வொரு கலமும் மின்னேற்றத்தில் 3.65 வோல்ட்டுக்கு மேற்செல்லலாகாது; மின்னிறக்கத்தில் 2.5 வோல்ட்டுக்குக் கீழிறங்கலாகாது. இவ்வெல்லைகளைக் காப்பது உள்ளே பொருத்தப்பட்டுள்ள மேலாண்மைச் சுற்றாகும். தொழிலாளர் இதனை ‘பி.எம்.எஸ்.’ என்பர். ஏதேனும் ஒரு கலம் எல்லையைத் தொட்டாலும் இச்சுற்று மின்னோட்டத்தை நிறுத்திவிடும். எனவே பதினாறு கலங்களின் கூட்டு ஆற்றலை நிர்ணயிப்பது மிக நலிந்த ஒரு கலமே. வண்டி நின்றவுடன் பாட்டரி செத்துவிட்டது எனக் கருதுவது பல வேளைகளில் தவறாகிவிடுகிறது.

பழுதறியும் முறை

முதற்படி ஓட்டுநரிடம் கேட்டறிதல். வண்டி ஓடும் தூரம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்திருப்பின், அது பெரும்பாலும் முதுமையைக் குறிக்கும். திடீரெனக் குறைந்திருப்பின் ஒரு கலத்திலோ, இணைப்பிலோ, மேலாண்மைச் சுற்றிலோ குறை இருத்தல் கூடும்.

இரண்டாவது, கலங்களின் அழுத்தத்தைத் தனித்தனியே அளத்தல். ஈய-அமில பாட்டரியில் திரவ அடர்த்தியை அளந்து நிலையறிந்த தொழிலாளிக்கு இங்கு அவ்வசதி இல்லை. மேலும், இவ்வகைக் கலத்தின் அழுத்தம் ஏற்ற நிலையின் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். ஆகவே முழு ஏற்றத்தின் இறுதியிலும் இறக்கத்தின் இறுதியிலும் அளந்தால்தான் பின்தங்கிய கலம் தெரியவரும். ஏற்றத்தில் மட்டும் ஏற்றத்தாழ்வு காணப்படின், மெதுவாகப் பல மணி நேரம் மின்னேற்றிக் கலங்களைச் சமநிலைக்குக் கொண்டுவரலாம்.

மூன்றாவது, இணைப்புகளைச் சோதித்தல். குண்டும் குழியுமான சாலையின் அதிர்வில் திருகுகள் தளரும். தளர்ந்த இணைப்பில் 0.01 ஓம் தடை தோன்றினாலும், 50 ஆம்பியர் மின்னோட்டத்தில் அவ்விடத்தில் 25 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு திருகை முடுக்குவதால் தீரும் குறைக்காகப் பாட்டரியையே மாற்றுவது பொருந்தாது.

நான்காவது, கொள்ளளவுச் சோதனை. முழுதும் ஏற்றிய 100 ஆம்பியர்-மணி பாட்டரி, 20 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் மின்சாரம் தருதல் வேண்டும். மூன்றரை மணி நேரமே தருமாயின் எஞ்சிய கொள்ளளவு 70 ஆம்பியர்-மணி எனக் கொள்ளலாம்.

செய்யத் தகாதவை

சுற்று துண்டிக்கிறது என்பதற்காக அதனைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி இணைப்பது பேராபத்து. ஈய-அமில பாட்டரிக்கான பழைய சார்ஜரையே தொடர்ந்து பயன்படுத்துவதும் தவறு. 16 கலங்களுக்கு உரிய உச்ச அழுத்தம் 58.4 வோல்ட். உப்பிய அல்லது கசியும் கலத்தை மீண்டும் மின்னேற்றலாகாது. மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் நெடுநாள் கிடந்த கலத்தினுள் செம்பு கரைந்து, பின்னர் உட்குறுக்கிணைப்பு நேரக்கூடும். மாற்றுக் கலம் அதே வகையும் அதே கொள்ளளவும் உடையதாய், ஒத்த வயதினதாய் இருத்தல் வேண்டும். பழுது பார்ப்பவர் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, காப்பிட்ட கருவிகளையே கையாள வேண்டும்.

தில்லியின் கோடையில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தொடுவதுண்டு. வெயிலில் ஓடி வந்த வண்டியை நிழலில் ஆறவிட்ட பின்னரே மின்னேற்ற வேண்டும். அடுக்குக் குடியிருப்புகளில் மாடிப்படியே வெளியேறும் ஒரே வழியாதலால், அதன் அடியில் மின்னேற்றுவதை அறவே தவிர்த்தல் நலம்.

திறனே முதலீடு

மின்கல உற்பத்தியை ஊக்குவிக்க மத்திய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்தை அறிவித்தது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன் தீர்ந்த பாட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. இதன் தேவையை ஜனக்புரிக்கு அண்மையிலுள்ள மாயாபுரி நன்கறியும். 2010-இல் அங்குள்ள பழைய இரும்புச் சந்தைக்கு வந்த ஒரு கருவியிலிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சினால் ஒருவர் உயிரிழந்தார். உள்ளிருப்பது இன்னதென அறியாமல் பிரிப்பதன் விலை அது.

தொழிற்சாலைகளும் விதிகளும் இன்றியமையாதவை. ஆயினும் பாட்டரியின் ஆயுளை நிர்ணயிப்பது தெருமுனைப் பட்டறையில் இருப்பவரின் அறிவே. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வாகன மெக்கானிக் பயிற்சி இடம்பெற்றுள்ளது வரவேற்கத்தக்கது. ஏற்கெனவே தொழிலில் இருப்போருக்கும் குறுகியகாலப் பயிற்சியும், கலங்களை அளக்கும் எளிய கருவிகளும் கிடைக்கச் செய்தல் வேண்டும். ஒரு திருகை முடுக்கியும் ஒரு கலத்தை மாற்றியும் காப்பாற்றப்படும் ஒவ்வொரு பாட்டரியும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வருவாயைக் காக்கிறது. நாட்டின் இறக்குமதிச் செலவையும் அந்த அளவிற்குக் குறைக்கிறது.