திரைக்குப் பின் நின்று தேடும் நீதி

நீதி வேண்டும் என்பதில் அனைவரும் ஒன்றுபடுவர். எது நீதி என்று வருங்கால் வேறுபடுவர். உடையார்க்கு ஒருவகையாகவும் இல்லார்க்கு வேறுவகையாகவும் அது தோன்றுவதே காரணம். இருசாராரும் ஏற்கத்தக்க நீதியைக் காணும் வழி யாது? இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் ரால்ஸ் (1921–2002). அவரது 'நீதிக் கோட்பாடு' என்னும் நூல் 1971-இல் வெளிவந்தது.

அறியாமைத் திரை

ஒரு சமுதாயத்தின் அடிப்படை விதிகளை வகுக்கச் சிலர் கூடியிருப்பதாகக் கருதுக என்கிறார் ரால்ஸ். தாம் செல்வரா வறியரா, எக்குடியில் பிறந்தவர், எத்தகைய ஆற்றலுடையவர், எக்கொள்கையினர் என்பவற்றை அவர்கள் அறியாவண்ணம் ஒரு திரை மறைக்கிறது. அந்நிலையில் எவரும் தமக்கு மட்டும் நன்மை தரும் விதியைச் செய்ய இயலாது. தாம் நடக்க வல்லவரா அல்லரா என்று அறியாத ஒருவர், படிக்கட்டு மட்டுமே உள்ள நூலகத்தைக் கட்ட உடன்படுவாரா?

அவ்வாறு கூடியோர் இரண்டு கோட்பாடுகளை ஏற்பர் என்பது ரால்ஸின் முடிபு. அடிப்படை உரிமைகள் அனைவர்க்கும் சமமாதல் வேண்டும் என்பது ஒன்று. பதவிகளை அடையும் வாய்ப்பு யாவர்க்கும் நேர்மையாகத் திறந்திருத்தல் வேண்டும். செல்வ வேறுபாடு இருப்பின் அது கடைநிலையில் உள்ளோர்க்கும் மிகுந்த நன்மை தருவதாதல் வேண்டும் என்பது மற்றொன்று. பலரது நலத்தைக் காட்டிச் சிலரது உரிமையைப் பறித்தலை அவர் ஏற்கவில்லை.

மறுப்பும் விடையும்

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் நோசிக் 1974-இல் இதனை மறுத்து எழுதினார். நேர்மையாக ஈட்டிய பொருள் ஈட்டியவர்க்கே உரியது. உழைப்பின் ஊதியத்தைப் பங்கீட்டுக்காக வரியாகப் பெறுதல் கட்டாய உழைப்பை ஒத்தது என்பது அவர் வாதம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. உழைத்தவர் தம் உழைப்பின் பயனைக் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆயினும், பிறந்த குடும்பமும் இயல்பான திறனும் எவரும் உழைத்துப் பெற்றவை அல்ல என்பது ரால்ஸின் அடிப்படைக் கருத்து. அவரது இளமையில், 1928-லும் 1929-லும், அவரிடமிருந்து தொற்றிய நோய்களால் தம்பியர் இருவர் அடுத்தடுத்து இறந்தனர், அவர் பிழைத்தார். வாழ்வில் தற்செயலுக்குள்ள பங்கினை அவர் அறிந்திருந்தார்.

சென் காட்டும் வழி

அமர்த்தியா சென், ரால்ஸின் நினைவுக்கு உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டு நூலில், ஒரு புல்லாங்குழலை மூன்று சிறார் கேட்பதாகக் காட்டுகிறார். ஒருவர்க்கே வாசிக்கத் தெரியும். மற்றொருவர் விளையாட்டுப் பொருள் ஏதுமற்ற ஏழை. இன்னொருவர் அதனைச் செய்தவர். மூவர் பக்கமும் நியாயம் உள்ளது. முழுமையான நீதி எதுவென முடிவு காணும்வரை காத்திராமல், கண்முன் உள்ள அநீதியைக் களைய முற்படலாம் என்பது சென் துணிபு.

நோசிக்கின் வினாவுக்கு இறுதி விடை இன்னும் எட்டப்படவில்லை. எனினும், பசித்தவர்க்கு உணவும் ஏழை மாணவர்க்குக் கல்வியும் கொடுப்போரின் கருணை மட்டும் அல்ல, பெறுவோரின் உரிமையும் ஆகும் என்பதை இவ்வாராய்ச்சி உணர்த்துகிறது. குடும்பத்திலாயினும் நிறுவனத்திலாயினும் நாட்டிலாயினும் ஒரு விதியை இயற்றுவோர், அதனால் மிகக் குறைவாகப் பயன்பெறுபவர் தாமாக இருப்பின் அதனை ஏற்போமா என்று முதலில் தம்மையே வினவுதல் வேண்டும்.