ஓரச்சு வடமும் காந்தச் சோதனையும்

மும்பையில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. இன்று அந்நகரின் பாண்டுப் பகுதியில், மலைச்சரிவுக் குடியிருப்புகளிலும் டிஷ் ஆன்டெனாவும் காவல் காமிராவும் இடம்பெற்றுள்ளன. இரண்டுக்கும் 75 ஓம் ஓரச்சு வடம், அதாவது கோஆக்சியல் கேபிள், பயன்படுகிறது.

மலிவான வடங்களில் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய எஃகாகும். அதனை முற்றிலும் ஒதுக்க வேண்டுவதில்லை. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பையொட்டியே ஓடும். விநாடிக்கு 10 கோடி அதிர்வுகளில், அது பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஏறக்குறைய 150-இல் ஒரு பங்கு ஆழத்திற்குள் அடங்கிவிடுகிறது. டிஷ்ஷின் குறிகள் இதனினும் உயர்ந்த அதிர்வெண் உடையவை. ஆகவே வீட்டளவு தொலைவுக்குச் செம்புப் பூச்சே போதும்.

காமிராவின் படக்குறியோ மிகக் குறைந்த அதிர்வெண்களையும் கொண்டது. அவை கம்பியின் உட்பகுதியிலும் பாய்கின்றன. எஃகு நடுக்கம்பியின் தடை, அதே பருமனுள்ள செம்பின் தடையைப்போல் ஏறக்குறைய 5 மடங்காகும். தொலைவு மிகுந்தால் படம் மங்கும். களவு நிகழ்ந்தபின் முகம் தெரியாத படத்தால் பயன் யாது? எனவே காமிராவுக்கு முழுச் செம்புக் கம்பியே ஏற்றது.

சோதனை எளிது. வடத்தின் நுனியை உரித்து, நடுக்கம்பியருகே காந்தத்தைக் கொண்டுவருக. ஈர்க்கப்பட்டால் எஃகு. இல்லையெனில் கத்தியால் சுரண்டுக. வெண்ணிறம் தோன்றினால் அலுமினியம், செந்நிறமே நீடித்தால் செம்பு. இதனை மாணவர்க்கும் செய்து காட்டலாம்.

மழைநீர் புகுந்தால் வலைப்பின்னல் அரிக்கப்படும். வடம் சுவரினுள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுக. நீர் அங்கேயே சொட்டிவிடும்.