ஆஷ்லி டவுன் இல்லங்கள்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே ஆஷ்லி டவுன் என்னும் மேட்டு நிலத்தில் ஐந்து பெரிய கற்கட்டடங்களைக் காணலாம். 1849 முதல் 1958 வரை, தாய் தந்தையரை இழந்த சிறார் அவற்றில் வாழ்ந்தனர். அவற்றை நிறுவியவர் ஜார்ஜ் முல்லர் என்பார். 1805-இல் பிரஷ்ய நாட்டிற் பிறந்த அவர், பிரிஸ்டலில் கிறித்தவப் போதகராக விளங்கினார்.

அக்காலத்தில் ஆதரவற்ற ஏழைக் குழந்தைகள் பலருக்கு ஏழையர் பணிமனையே புகலிடம். அறநிலையங்கள் சில இருந்தன. ஆயினும், அவற்றுட் பலவற்றில் இடம்பெறுதற்குத் தேர்தல் நடைபெறும்! நன்கொடையாளர் வாக்களிப்பர், வாக்குக் குறைந்த குழந்தை திரும்பிச் செல்ல வேண்டியதுதான். துணையற்ற குழந்தைக்கு வாக்குச் சேகரிப்பார் யாவர்? முல்லர் இம்முறையை அறவே விலக்கினார். 1836-இல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் தம் முதல் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே வாக்கும் வேண்டா; கட்டணமும் வேண்டா. எனினும், முறைப்படி மணம் புரிந்தோரின் மக்களையே அவர் ஏற்றார் என்பதையும் மறைத்தலாகாது. ஆதரவு மிக வேண்டிய சிலர்க்கு அவ்வாயில் அடைத்தே கிடந்தது.

இல்லத்துச் சிறார் காலை 6 மணிக்கே எழுவர். வழிபாடு, பாடம், விளையாட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி நேரம் உண்டு. சிறுவரும் தம் காலுறைகளைத் தாமே பின்னினர். படுக்கையைத் தாமே சீர்செய்தனர். பள்ளிகளைப் பார்வையிடத் தனி ஆய்வாளர் ஒருவரையும் முல்லர் அமர்த்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு இத்துணைக் கல்வி எதற்கு என்று சிலர் குறை கூறினர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. பணத்துக்காக எவரையும் அவர் அணுகியதில்லை, இறைவனை வேண்டினார், வந்த பொருளுக்கு ஆண்டுதோறும் கணக்கு வெளியிட்டார்.

1857-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஓர் இடர் நேர்ந்தது. 300 குழந்தைகள் வாழ்ந்த முதற் கட்டடத்தை வெப்பமூட்டிய கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. அதனைச் சுற்றிச் செங்கற்சுவர் எழுப்பப்பட்டிருந்தது. நெருப்பை அணைத்துச் சுவரை இடித்தாலன்றிப் பழுது புலப்படாது. வெளியிலோ வாடைக் காற்று கடுமையாக வீசியது. பச்சிளங் குழந்தைகள் குளிரை எவ்வாறு தாங்குவர்? காற்றுத் தெற்கே திரும்ப வேண்டும், பணியாளர் மனமுவந்து உழைக்க வேண்டும் என்று முல்லர் வேண்டினார். குறித்த நாளில் தென்காற்று வீசிற்றென்றும், நெருப்பே தேவைப்படவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். மாலையில் மேலாளர் வந்து, பணியாளர் மறுநாட் காலையில் விரைந்து வருவர் என்றார். பணியாளரோ, இரவு முழுதும் வேலை செய்வதையே விரும்புவதாகக் கூறினர். ஏறக்குறைய 30 மணி நேரத்தில் நெருப்பு மீண்டும் எரிந்தது.

1870-க்குள் ஐந்து கட்டடங்களும் எழுந்தன. 2,000 சிறார்க்கு அவற்றில் இடம் இருந்தது. முல்லர் 1898-இல் மறைந்தார். அதற்குள் 10,000-க்கு மேற்பட்டோர் அவ்வில்லங்களில் வளர்ந்திருந்தனர். சிறுவர் 14 வயதளவில் தொழில் பயிலச் சென்றனர். பயிற்றுவோர்க்குரிய கட்டணத்தை இல்லமே செலுத்தியது. சிறுமியர் பெரும்பாலும் 17 வயது வரை தங்கி, பின்னர் வீட்டுப் பணிக்குச் சென்றனர். சிலர் ஆசிரியப் பயிற்சி பெற்றனர்.